ஓவன் கொய்ல்: வந்த வேகத்தில் தூக்கி நிறுத்துகிறார், பிறகு ஏன் சறுக்குகிறார்?

மெரினா விங்

கால்பந்து கோச் ஓவன் கொய்ல் பற்றி ஒரு தெளிவு வேண்டும். (போனில் அடித்தால் ‘கோயில்’ என்று மாறிவிடுகிறது. எங்காவது அப்படி வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2019 டிசம்பரில் முந்தைய கோச் ஜான் கிரிகரிக்குப் பிறகு பொறுப்பேற்று, இந்தியன் சூப்பர் லீகில் அடிமட்டத்தில் கிடந்த சென்னையின் எஃப்சியை ஃபைனல் வரை கொண்டுபோனார். ஜாம்ஷெட்பூரில் 2021-22 லீக் ஷீல்டு (புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பரிசு) வாங்கிக் கொடுத்தார். அதே ஆள் 2023இல் சென்னைக்குத் திரும்பினார். முதல் சீசன் ஆறாம் இடம், அடுத்த சீசன் 13 அணிகளில் 11ஆம் இடம். இங்கிலாந்திலும் இதே கதைதான் என்கிறார்கள்: பர்ன்லியில் கொண்டாட்டம், போல்டனில் கீழிறக்கம்.

‘மோட்டிவேட்டர்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்குப் போதவில்லை. ஆட்டத்தில் அவர் உண்மையில் என்ன மாற்றுகிறார், அது ஏன் நிலைப்பதில்லை? வீரராக இருந்த காலத்திலிருந்தே தொடங்கிச் சொன்னால் நல்லது. ஸ்காட்லாந்துக்காரரா, அயர்லாந்துக்காரரா என்பதும் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

ஆஃப்சைடு பொறி

ஸ்காட்லாந்துக்காரரேதான். 1966இல் பெய்ஸ்லியில் பிறந்தவர். குடும்பத்தின் வேர் அயர்லாந்தில் இருந்ததால் அயர்லாந்துக் குடியரசு அணிக்கு ஆடும் உரிமை கிடைத்தது. ஆடியது ஒரே ஒரு சர்வதேச மேட்ச், 1994இல் நெதர்லாந்துக்கு எதிராக, அதுவும் மாற்று வீரராக. குழப்பம் அந்த ஒரு மேட்சால் வந்தது.

வீரராக அவர் ஸ்ட்ரைக்கர். டம்பார்டன், கிளைட்பேங்க், ஏர்ட்ரி, போல்டன், டண்டீ யுனைடெட், மதர்வெல், டன்ஃபர்ம்லின், ஃபால்கிர்க் என்று பட்டியல் நீளும். செல்டிக், ரேஞ்சர்ஸ் மாதிரி பெரிய வீடு எதுவும் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்காட்லாந்தின் இரண்டாம் டிவிஷன்களில் அப்போது ஒரு சீசனில் அதே எதிரணியை மூன்று, நான்கு முறை பார்க்க வேண்டும். யார் எப்படி ஆடுவார் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அங்கே கோல் அடித்துப் பிழைத்தவருக்கு நுணுக்கமான திட்டத்தைவிட வேகமும், பெட்டிக்குள் ஆள் எண்ணிக்கையும்தான் மேட்சை ஜெயிக்கும் என்பது ரத்தத்தில் ஊறிவிடும். கோச்சான பிறகும் அதை அவர் விடவில்லை என்பது என் கணிப்பு.

அவரைப் புரிந்துகொள்ள இரண்டு மேட்ச் போதும். முதலாவது 1995 மே 29, வெம்ப்ளி, முதல் டிவிஷன் (பெயர்தான் முதல், பிரீமியர் லீக்குக்கு அடுத்த படி) பிளே-ஆஃப் ஃபைனல், அதாவது மேலே ஏறுவது யார் என்று முடிவாகும் மேட்ச். போல்டன் முதல் கால் மணி நேரத்துக்குள் ரெடிங்கிடம் 0-2. அதோடு ரெடிங்குக்குப் பெனால்டியும் கிடைத்தது. ஸ்டூவர்ட் லவல் அடித்ததை போல்டன் கீப்பர் கீத் பிரானகன் தடுத்தார். உள்ளே போயிருந்தால் 0-3, கதை முடிந்திருக்கும். 75ஆம் நிமிடம் வாக்கில் கொய்ல் தலையால் முட்டி ஒன்று அடித்தார், கடைசி நிமிடங்களில் டி ஃப்ரெய்ட்டாஸ் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் 4-3. போல்டன் பிரீமியர் லீக்குக்குப் போனது.

அடுத்த வருடமே இரண்டாவது. டண்டீ யுனைடெட்டும் பார்ட்டிக் திசிலும் மோதிய பிளே-ஆஃப். இரண்டு மேட்ச் (லெக்) கொண்ட மோதல், முதல் லெக் 1-1. இரண்டாவது லெக்கில் யுனைடெட் பின்தங்கி, கடைசி நேரத்தில் பிரையன் வெல்ஷ் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் கொய்ல் அடித்த கோல் யுனைடெட்டை பிரீமியர் டிவிஷனுக்கு ஏற்றியது. ஆக, பிளே-ஆஃப் என்றால் என்ன, 80ஆம் நிமிடத்துக்கு மேல் எதிரணியின் கால் எப்படிக் கனக்கும் என்பதெல்லாம் அவருக்குக் கேள்வி ஞானம் இல்லை.

கோச்சிங் ஃபால்கிர்க்கில் தொடங்கியது. 2003 ஆரம்பத்தில் அங்கே கோச்சாக இருந்த இயன் மெக்கால் டண்டீ யுனைடெட்டுக்குப் போனதும், இன்னும் ஆடிக்கொண்டிருந்த கொய்லும் ஜான் ஹியூஸும் சேர்ந்து பொறுப்பேற்றார்கள். அந்த சீசனில் ஃபால்கிர்க் முதல் டிவிஷனில் (ஸ்காட்லாந்திலும் அது இரண்டாம் படிதான்) முதலிடம். ஆனாலும் மேலே விடவில்லை. ஸ்காட்லாந்து பிரீமியர் லீக்குக்கு 10,000 இருக்கை கொண்ட மைதானம் கட்டாயம், பழைய பிராக்வில் மைதானத்தில் அது இல்லை. களத்தில் ஜெயித்தும் கட்டட விதியால் தோற்ற அணி.

பிறகு 2005இல் செயின்ட் ஜான்ஸ்டன். 2006 நவம்பரில் லீக் கோப்பைக் கால் இறுதியில் ஐப்ராக்ஸ் மைதானத்துக்கே போய் ரேஞ்சர்ஸை 2-0 என்று சாய்த்தார்கள். அந்த சீசனில் இரண்டு கோப்பைகளிலும் செமி. லீக்கில் கடைசி நாள் வரை போட்டி. இவர்கள் தங்கள் மேட்சை ஜெயித்துவிட்டார்கள். ஆனால் முதலிடத்துக்குப் போட்டியிட்ட கிரெட்னா அணிக்கு டிங்வாலில் ஜேம்ஸ் கிரேடி ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் அடித்தார். ஒரு புள்ளி வித்தியாசத்தில் கிரெட்னா மேலே போனது. அப்போது இரண்டாமிடத்துக்கு பிளே-ஆஃப் கிடையாது, முதலிடம் மட்டும்தான்.

மூணாவது பாதி

மேலே உள்ளதற்குத் தொடர்ச்சி. 2007 நவம்பரில் செயின்ட் ஜான்ஸ்டன் சேலஞ்ச் கோப்பை ஃபைனலுக்குச் சில நாள் இருக்கும்போது அவர் பர்ன்லிக்குப் போய்விட்டார். கோப்பையை அவர் இல்லாமலே வாங்கினார்கள். பாதியில் கிளம்பும் பழக்கம் அங்கேயே ஆரம்பம் என்று சொல்பவர்கள் உண்டு. சரி, அது கிடக்கட்டும்.

பர்ன்லி 2008-09 தான் அவருடைய சிறந்த வேலை என்பேன், ஜாம்ஷெட்பூரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த சீசனில் அவர்கள் ஆடியது 61 மேட்ச். லீக் 46, பிளே-ஆஃப் 3, லீக் கோப்பை 7, எஃப்ஏ கோப்பை 5. பெரிய பணமோ பெரிய அணியோ இல்லாத கிளப்.

கேட்ட கேள்விக்கு, அங்கே அவர் செய்த இரண்டு இடமாற்றத்தைப் பாருங்கள். கிரகாம் அலெக்சாண்டர் ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தற்காப்பு வீரர். வயது 36, 37. விங்கரைத் துரத்த முடியாது. ஆனால் பந்தைத் தவறவிடமாட்டார், நிற்கும் இடம் தப்பாது, பெனால்டி அடித்தால் வலைதான். அவரைத் தற்காப்புக்கு முன்னால், நடுக்களத்தின் அடியில் நிறுத்தினார். வேட் எலியட் விங்கர், கோட்டோரத் தாக்குதல் வீரர். அவரைக் கோட்டோரத்திலிருந்து உள்ளே இழுத்து நடுக்களத்தில் ஓடவிட்டார். ஒருவர் நிற்பார், ஒருவர் ஓடுவார். முன்னால் பேட்டர்சன், பிளேக், ஈகிள்ஸ் எல்லோரும் எதிரணித் தற்காப்பு மேலேயே ஏறி நிற்பார்கள்.

இதன் பலன் 2009 மே 25, ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிரான பிளே-ஆஃப் ஃபைனல். 13ஆம் நிமிடம் எலியட் நடுவிலிருந்து பந்தோடு பாய்கிறார், ஷாட் தடுக்கப்பட்டு பந்து பெட்டிக்கு வெளியே உருண்டு வருகிறது, பின்னாலேயே வந்தவர் வளைத்து மூலையில் போடுகிறார். 1-0. விங்கில் நின்றிருந்தால் அந்த இரண்டாவது பந்துக்கு அவர் பக்கத்திலேயே இருந்திருக்க மாட்டார். 33 வருடம் கழித்து பர்ன்லி இங்கிலாந்தின் உச்ச டிவிஷனுக்குத் திரும்பியது. அலெக்சாண்டர் 37 வயதில் முதல்முறையாக பிரீமியர் லீக் மேட்ச் ஆடினார்.

அடுத்த சீசனில் சொந்த மைதானத்தில் ஆடிய முதல் மேட்சிலேயே மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0. ராபி பிளேக் பந்து தரையைத் தொடும் முன்பே அடித்த வாலி. யுனைடெட்டின் கேரிக் அடித்த பெனால்டியை பர்ன்லி கீப்பர் பிரையன் ஜென்சன் தடுத்தார்.

மெரினா விங்

நன்றி. ஒரு துணைக் கேள்வி. அதே 2008-09இல் டோட்டனமுடன் லீக் கோப்பை செமி. முதல் லெக் 1-4, இரண்டாவது லெக் 3-0. மொத்தம் 4-4, பர்ன்லிக்கு ஒரு வெளியூர் கோல் இருக்கிறது (மொத்தம் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிகம் அடித்தவருக்கு வெற்றி என்ற விதி). அப்படியானால் அவர்கள்தானே ஃபைனலுக்குப் போயிருக்க வேண்டும்?

மூணாவது பாதி

ஐரோப்பியக் கோப்பைகளின் அன்றைய விதிப்படி ஆமாம். லீக் கோப்பையில் அப்போது விதி வேறு. வெளியூர் கோல் கணக்கு 90 நிமிடத்தில் செல்லாது, கூடுதல் நேரமும் முடிந்த பிறகுதான் செல்லும் என்று இருந்தது. அதனால் 3-0இல் விசில் ஊதியதும் 30 நிமிடம் சேர்ந்தது. அந்த 30 நிமிடம் கோல் இல்லாமல் போயிருந்தால் பர்ன்லி ஃபைனலில். 118ஆம் நிமிடம் பாவ்லியுசெங்கோ, 120இல் டீஃபோ. மொத்தம் 4-6. பெனால்டிக்குக்கூடப் போகத் தேவையில்லாத நிலையில், இரண்டு நிமிடத்தில் நழுவியது.

அதே ஓட்டத்தில் ஃபுல்ஹாமையும், ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் செல்சியை பெனால்டி ஷூட்அவுட்டிலும், ஆர்சனலை 2-0 என்றும் முடித்திருந்தார்கள். ஆனால் இந்த மேட்சிலேயே அவருடைய பலவீனமும் தெரியும். சண்டையை நிறுத்தி, பந்தைப் பிடித்து, நேரத்தைக் கொல்லும் ஆட்டம் அவர் அணிகளிடம் கிடையாது.

கணக்குப்பிள்ளை

எண்களை வைத்துப் பேசலாம். ‘வந்ததும் தூக்குகிறார்’ என்பது சும்மா பேச்சில்லை.

சென்னையின் 2019-20: கிரிகரி காலத்தில் 6 மேட்ச், 1 வெற்றி, 2 டிரா, 3 தோல்வி, 5 புள்ளி, 4 கோல். முதல் நான்கு மேட்சில் ஒரு கோல்கூட இல்லை. கொய்ல் வந்த பிறகு 12 மேட்ச், 7 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி, 24 புள்ளி, 28 கோல். மேட்சுக்கு 0.83 புள்ளி 2 ஆனது. எதிரணியிடம் வாங்கிய கோல்? முன்பு 6 மேட்சில் 10, பிறகு 12 மேட்சில் 16. அதாவது வாங்குவதும் சற்றுக் குறைந்தது, ஆனால் மாயம் முழுக்க அடிப்பதில்தான் நடந்தது.

இப்போது அந்தப் பக்கம். பர்ன்லி 2009-10: அவர் 2010 ஜனவரியில் போல்டனுக்குப் போகும் வரை வெளியூரில் எடுத்தது ஒரே ஒரு புள்ளி, மான்செஸ்டர் சிட்டியில் 3-3. வெஸ்ட் ஹாமில் 3-5, டோட்டனமில் 0-5, லிவர்பூலில் 0-4. சொந்த மைதானத்தில் சிங்கம், கோட்டைத் தாண்டினால் பூனை. அணி மேலே ஏறி நின்று அழுத்தும்போது ரசிகர் கூச்சலும் பழகிய புல்லும் கைகொடுக்கும். வெளியூரில் அதே உயரத்தில் நின்றால் முதுகுக்குப் பின்னால் 40 மீட்டர் காலி.

போல்டன் 2011-12: 36 புள்ளி, 18ஆம் இடம். 17ஆம் இடம் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், 37. வேடிக்கை என்னவென்றால் சீசனின் முதல் மேட்சில் அதே கியூபிஆரை அவர்கள் மைதானத்திலேயே 4-0 என்று போல்டன் கிழித்தது. அதற்குப் பிறகு வரிசையாக ஆறு லீக் தோல்வி. 38 மேட்சில் வாங்கிய கோல் 77. கடைசி நாள் ஸ்டோக்கில் 2-1 முன்னிலையில் இருந்தார்கள், ஒரு பெனால்டி, 2-2. ஜெயித்திருந்தால் 38 புள்ளி, தப்பித்திருப்பார்கள். ஏனென்றால் அதே நேரம் கியூபிஆர் சிட்டியிடம் அகுவேரோவின் அந்தக் கோலில் தோற்றுக்கொண்டிருந்தது.

மூணாவது பாதி

கணக்குப்பிள்ளை சொன்ன 77 கோல் சரி. ஆனால் அதை முழுக்க கோச் தலையில் கட்டுவது நியாயமில்லை. போல்டனின் முதுகெலும்பு எப்படி உடைந்தது என்று வரிசையாகப் பாருங்கள்.

2011 மார்ச், ஓல்டு டிராஃபோர்டில் ஸ்டூவர்ட் ஹோல்டனுக்கு முழங்கால் போனது. நடுக்களத்தில் பந்தைப் பிடுங்கி முன்னால் தள்ளியது அவர்தான். ஏப்ரல் 17, எஃப்ஏ கோப்பை செமியில் ஸ்டோக்கிடம் 0-5. அந்தக் கோடையில் யொஹான் எல்மாண்டர் ஒப்பந்தம் முடிந்து கலாத்தாசராய் போனார். லோனில் வந்து 12 மேட்சில் 8 கோல் அடித்த டேனியல் ஸ்டர்ரிட்ஜ் செல்சிக்குத் திரும்பினார். ஜூலையில் நியூபோர்ட் கவுண்டியுடன் சும்மா ஒரு நட்புப் போட்டி. லீ சுங்-யோங்குக்குக் கால் முறிந்தது. ஜனவரியில் கேரி கேஹில் செல்சிக்கு. மார்ச் 17, டோட்டனம் மைதானத்தில் ஃபாப்ரிஸ் முவாம்பாவின் இதயம் நின்றது. உயிர் பிழைத்தார், ஆட்டம் அதோடு முடிந்தது.

நடுக்களத்தில் இரண்டு பேர், முன்னால் இரண்டு பேர், விங்கில் ஒருவர், தற்காப்பில் ஒருவர். ஒரு வருடத்தில். எந்த கோச்சாக இருந்தாலும் திணறுவார்.

ஆனாலும் கொய்ல் மீது ஒரு குறை நியாயமானது. ஆள் மாறிய பிறகும் அவர் ஆட்டத்தை மாற்றவில்லை. ஹோல்டன் இருந்தபோது முன்னால் இரண்டு ஸ்ட்ரைக்கர், நடுவில் இரண்டே பேர் என்று ஆட முடிந்தது, ஏனென்றால் ஹோல்டன் ஒன்றரை ஆள் ஓட்டம் ஓடினார். அவர் இல்லாதபோது நடுவில் மூன்றாவது ஆளைப் போட்டிருக்க வேண்டும். எதிரணி மூன்று பேரை வைத்து இரண்டு பேரைச் சுற்றிச் சுற்றிப் பாஸ் செய்தது. தற்காப்பு வரிசை நேரடியாகத் தாக்குதலைச் சந்தித்தது. 77 அங்கிருந்துதான் வருகிறது.

வடசென்னை 7

சென்னை கதைய நான் சொல்றேன், இங்க எல்லாரும் இங்கிலாந்துலயே சுத்திக்கிட்டு இருக்கீங்க.

2019 டிசம்பர்ல அவரு வந்தப்ப ஆளு மாறல. அதே பசங்கதான். ஜனவரி விண்டோவுல பெரிசா யாரையும் கொட்டவும் இல்ல. மாறினது நிக்கிற இடம். முன்னாடி டீம் பின்னால உக்காந்து, பந்து கெடச்சதும் நீளமா ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் தலைக்குப் போடும். வால்ஸ்கிஸ் தனியா மூணு பேருகிட்ட மல்லுக்கட்டுவாரு. கொய்ல் வந்து ரஃபேல் கிரிவெல்லாரோவ அவருக்குப் பின்னாடியே, பத்துப் பன்னெண்டு மீட்டர்ல நிறுத்திட்டாரு. தற்காப்பு வேல கொறவு, பந்து வந்தா திரும்பி விடணும். ஒரு பக்கம் சாங்டே, இன்னொரு பக்கம் ஆந்த்ரே ஷெம்ப்ரி. அனிருத் தாப்பாவும் எட்வினும் மாதிரி ஓடுற ஆளுங்க நடுவுல. நீளமான பந்து மோதித் தெறிச்சு விழுந்தா, அந்த ரெண்டாவது பந்துக்கு நாலு பேரு பக்கத்துலயே இருப்பாங்க. மேல எலியட் கோலுக்குச் சொன்னாங்க பாருங்க, அதே கணக்கு.

வால்ஸ்கிஸ் 15 கோல், தங்க பூட் (அதிக கோலுக்கான விருது). கிரிவெல்லாரோ 7 கோல், 8 அசிஸ்ட்.

பிரெஸ்ஸிங்ல, அதாவது பந்து வச்சிருக்கிற எதிரணி மேல பாயுறதுல, இவரு டீம் எப்ப பாயும்னு கவனிச்சா புரியும். எதிரணி சென்டர் பேக் (நடுத் தற்காப்பு ஆளு) சொந்த கோல் பக்கம் முகத்த வச்சு பந்த வாங்குறப்ப, இல்ல பந்து கோட்டோரத்துல ஃபுல் பேக்குக்கு (ஓரத் தற்காப்பு ஆளு) போறப்ப. ரெண்டு இடத்துலயும் அவனுக்குப் பாதி மைதானம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்ட்ரைக்கர் ஓடுவாரு, பின்னாடியே கிரிவெல்லாரோ மாதிரி பத்தாம் நம்பர், பக்கத்து விங்கர். மூணு பேரும் ஒரே நேரத்துல போகணும். ஒருத்தர் ரெண்டு செகண்டு லேட்டானா ஒரே பாஸ்ல மூணு பேரும் காலி. அப்புறம் நடுவுல ரெண்டு பேரு, பின்னால சென்டர் பேக் ரெண்டு பேரு, ஃபுல் பேக் ரெண்டும் மேல. இதுதான் இவரு டீம் வாங்குற கோல்ல பாதி.

கோவா செமிய எடுத்துக்கோங்க. சென்னைல 4-1. அவங்க மைதானம் ஃபடோர்டால 2-4. மூணு கோல் கையில வச்சுக்கிட்டு போயி நாலு வாங்கினாங்க. மொத்தம் 6-5, அந்த வெளியூர் ரெண்டு கோல்தான் காப்பாத்துச்சு. ஃபைனல் 2020 மார்ச் 14, கொரோனாவால காலி ஸ்டேடியம், ஏடிகே 3-1. ரெண்டாவது பாதி ஆரம்பத்துலயே எடு கார்சியா ரெண்டாவத அடிச்சதும் நம்மாளுங்க எல்லாரும் மேல ஏறினாங்க. வால்ஸ்கிஸ் ஒண்ணு திருப்பினாரு. கடைசில திறந்து கெடந்த இடத்துல ஹாவி எர்னாண்டஸ் மூணாவதப் போட்டாரு.

கணக்குப்பிள்ளை

வடசென்னை 7 சொன்னதோடு ஒரு விதியையும் சேர்க்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 2019-20இல் களத்தில் ஒரே நேரத்தில் 5 வெளிநாட்டு வீரர்கள் இருக்கலாம். சென்னையின் ஐந்து பேர்: கோயான், எலி சாபியா, கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, வால்ஸ்கிஸ். சென்டர் பேக் இரண்டு, மீதி மூன்றும் தாக்குதல். முதுகெலும்பு முழுக்க வெளிநாடு. 2021-22இலிருந்து களத்தில் 4 பேர்தான். அப்போது ஒரு ஆள் சரியில்லை என்றால் கால்வாசி போனது.

ஜாம்ஷெட்பூர் 2021-22இல் நாலும் பொருந்தின. ஸ்காட்லாந்துக்காரர் கிரெக் ஸ்டூவர்ட் 10 கோல், 10 அசிஸ்ட். பின்னால் பீட்டர் ஹார்ட்லி, சென்னையிலிருந்து தெரிந்த எலி சாபியா. கொய்லோடு சென்னையிலிருந்து போன வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் சென்னைக்கே திரும்பிவிட, அந்த இடத்துக்கு ஈஸ்ட் பெங்காலிலிருந்து டேனியல் சீமா வந்தார், வந்ததும் கோல் போட ஆரம்பித்தார். 20 மேட்ச், 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 43 புள்ளி. கடைசி ஏழு மேட்சும் வெற்றி. கடைசி மேட்ச் ஏடிகே மோகன் பகானுக்கு எதிராக, ரித்விக் தாஸ் அடித்த ஒரே கோல். பிறகு பிளே-ஆஃப் செமியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-1, 1-1 என்று வெளியேறியது வேறு விஷயம்.

அந்த சீசன் முழுக்க கோவாவில், பூட்டிய ஹோட்டல், மூன்று மைதானம். விமானப் பயணம் இல்லை, வெளியூர் என்பதே இல்லை. பர்ன்லியில் அவருக்கு இருந்த வெளியூர் நோய் இங்கே எழ வாய்ப்பே இல்லாமல் போனது. இதை யாரும் சொல்வதில்லை.

2024-25 சென்னையில் நேர் எதிர். எல்சின்யோ, பிரம்பில்லா, வில்மார் ஜோர்டான், சீமா என்று வெளிநாட்டு வரிசையில் பாதிக்கு மேல் ஒரே கோடையில் புதுசு. 24 மேட்ச், நாடு முழுக்கப் பயணம். ஒரே நேரத்தில் மூன்று பேர் பாய வேண்டிய ஆட்டத்துக்கு ஒருவரை ஒருவர் பழக வேண்டும்.

ஆஃப்சைடு பொறி

ஒரு திருத்தம், பல இடங்களில் தப்பாகவே ஓடுகிறது: ‘கொய்ல் நான்கு அணிகளைக் கீழே இறக்கினார்’ என்று. கையில் வைத்துக்கொண்டு இறக்கியது போல்டன் ஒன்றுதான். பர்ன்லியை அவர் விடும்போது அணி 14ஆம் இடத்தில், இறங்கியது அடுத்து வந்த கோச் பிரையன் லாஸ் காலத்தில். பிளாக்பர்னிலிருந்து 2017 பிப்ரவரியில் போனார், அப்போது அணி 23ஆம் இடத்தில் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், சீசன் முடிவில் இறங்கியது. ராஸ் கவுண்டியை 2018 மார்ச்சில் விட்டார், அதுவும் அந்த சீசன் முடிவில் இறங்கியது. கடைசி இரண்டில் அவர் பங்கு சிறிதல்ல, ஆனால் பட்டியல் அப்படியே உண்மையில்லை.

விகனைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2013இல் எஃப்ஏ கோப்பையும் வாங்கி, பிரீமியர் லீக்கிலிருந்தும் இறங்கிய விசித்திர அணி. கோச் ராபர்டோ மார்ட்டினஸ் எவர்ட்டனுக்குப் போனார், வீரர்கள் கோனேயையும் மெக்கார்த்தியையும் பின்னாலேயே இழுத்துக்கொண்டார். அந்த இடத்துக்குத்தான் கொய்ல் வந்தார். ஐரோப்பியக் கோப்பையான யூரோப்பா லீக் வியாழன், இங்கிலாந்தின் இரண்டாம் படியான சாம்பியன்ஷிப் ஞாயிறு. கொய்லின் ஆட்டம் கால் வலுவில் ஓடும் வண்டி. வாரத்தில் இரண்டு மேட்ச் என்றால் நடுவில் பயிற்சியே கிடையாது, மீள்வதற்கே நாள் சரியாகிவிடும். நவம்பர் 28 பெல்ஜியத்தின் சூல்டே வாரகெமிடம் தோல்வி, டிசம்பர் 1 டெர்பியிடம் 1-3, அடுத்த நாள் விலகல். அரை வருடம்கூட இல்லை.

‘அப்படியானால் பர்ன்லியில் 61 மேட்ச் எப்படி?’ என்று யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்விதான். அங்கே ஏற்கனவே ஒரு வருடம் அவரோடு ஓடிப் பழகிய அணி. விகனில் பாஸ் பாஸாகக் கட்டி ஆடப் பழகியவர்களை ஒரே கோடையில் ஓடவிட்டார்.

மெரினா விங்

இப்போது படம் தெளிகிறது. முழு மேட்ச் கிடைத்தால் எதை, எந்த இடத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

மூணாவது பாதி

பர்ன்லி - டோட்டனம் 2009 ஜனவரி 21, 75ஆம் நிமிடத்திலிருந்து 120 வரை. 3-0 ஆனதும் பர்ன்லியின் ஃபுல் பேக்குகள் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பின்வாங்கவே மாட்டார்கள். பாவ்லியுசெங்கோ கோலுக்கு முந்தைய பத்து நிமிடத்தில் யார் யார் நடக்க ஆரம்பிக்கிறார்கள் என்பதையும் எண்ணுங்கள்.

ஆஃப்சைடு பொறி

நான் 2023 மே 5, குயின்ஸ் பார்க் - டண்டீயைச் சொல்வேன். ஜாம்ஷெட்பூருக்குப் பிறகு கொய்ல் போன கிளப் குயின்ஸ் பார்க், அப்போதுதான் ஸ்காட்லாந்தின் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. கடைசி நாள், இந்த மேட்சை ஜெயித்தால் சாம்பியன். சொந்த மைதானம் தயாராகாததால் ஸ்டென்ஹவுஸ்முயரின் ஆக்கில்வியூவை வாடகைக்கு எடுத்து ஆடினார்கள். 3-5. மூன்று கோல் அடித்தும் தோல்வி, மூன்றாம் இடம். 2007இல் இல்லாத பிளே-ஆஃப் இப்போது இருந்தது, அதிலும் பார்ட்டிக் திசிலிடம் வெளியேறினார்கள். 1996இல் அவர் காலால் கீழே தள்ளிய அதே திசில்.

வடசென்னை 7

கோவா செமி ரெண்டு லெக்கும் பாருங்க ப்ரோ, ஒண்ணு விட்டு ஒண்ணு பாக்காதீங்க. முதல் லெக்ல கிரிவெல்லாரோ பந்து வாங்குறப்ப அவருக்கும் வால்ஸ்கிஸுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பாருங்க. ரெண்டாவது லெக்ல அதே தூரத்த மறுபடி பாருங்க. டீம் பின்னால தள்ளப்பட்டதும் இடைவெளி நீண்டுடும், வால்ஸ்கிஸ் பழையபடி மூணு பேருக்கு நடுவுல தனியா நிப்பாரு.